வாசகர் கேள்வி – பதில்: புழல் ஏரிக்கரையில் கிடைத்த அலுமினியத் தகடு

கேள்வி: புழல் ஏரியை ஒட்டிய எங்கள் தோட்டக் கிணற்றைத் தூர் வாரியபோது, வரிசையாக ரிவெட் அடித்த அலுமினியத் தகடு ஒன்று கிடைத்தது. போர்க்காலத்தில் ஏரியில் இறங்கிய விமானத்தின் பாகம் அது என்கிறார் என் தாத்தா. இதை எப்படி உறுதி செய்வது?
– வாசகர், செங்குன்றம்

பதில்: தாத்தா சொல்வதில் அடிப்படை உண்டு. பிரிட்டிஷ் விமானப் படையின் 240-ஆம் ஸ்குவாட்ரன் 1942 முதல் புழல் ஏரியைத் தளமாகக் கொண்டு, கேட்டலீனா என்னும் பறக்கும் படகுகளை (நீரில் இறங்கி, நீரிலிருந்தே எழும் விமானங்களை) வங்காள விரிகுடாவில் ரோந்துக்கு அனுப்பிவந்தது. ஆனாலும், ஏரிக்கரையில் கிடைத்தது என்பதை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்துவிட முடியாது. தகட்டில் பொறித்திருக்கும் பாக எண்ணே முதல் சான்று.

கேட்டலீனாவை உருவாக்கிய அமெரிக்காவின் கன்சாலிடேட்டட் நிறுவனத்தில் அதன் மாதிரி எண் 28 என்பதால், அதற்கென வரைந்த பாகங்களின் எண்களும் 28 என்றே தொடங்கும். அதே நிறுவனத்தின் லிபரேட்டர் குண்டுவீச்சு விமானத்துக்கு 32. போர் முடிந்தபின் கான்பூரில் கைவிடப்பட்டுக் கிடந்த லிபரேட்டர்களை பெங்களூரு ஹிந்துஸ்தான் விமானத் தொழிற்சாலை செப்பனிட்டுக் கொடுக்க, இந்திய விமானப் படை அவற்றை 1968 வரை பறக்கவிட்டது. ஆகவே 32-இல் தொடங்கும் துண்டு புதுப்பேட்டைக் காயலான் கடையில் அகப்பட்டாலும் வியப்பில்லை. ‘ஏஎன்’ என்று தொடங்கும் எண் கிடைத்தால் மகிழ்ந்துவிட வேண்டாம். அமெரிக்கத் தரைப்படையும் கடற்படையும் பொதுவாக வகுத்த தர எண் அது. அத்தகைய போல்ட்டும் நட்டும் எந்த விமானத்திலும் இருந்திருக்கும். ‘24எஸ்டி’ என்னும் மை முத்திரையும் அப்படித்தான். உலோகக் கலவை எதுவென்று சொல்லுமே தவிர, விமானம் எதுவென்று சொல்லாது.

எண்ணைத் தேடும் ஆர்வத்தில் உப்புத்தாளால் தேய்ப்பதே பலரும் செய்யும் கேடு. சில எண்களை உலோகத்தில் அழுந்தக் குத்தியிருப்பார்கள். சிலவற்றையும், ஆய்வாளரின் சிறு வட்ட முத்திரையையும், ரப்பர் அச்சால் மையில் பதித்திருப்பார்கள். மை முத்திரை தின்னர் பட்டாலே போய்விடும். வெறும் தண்ணீரில் நனைத்த மெல்லிய தூரிகையால் சேற்றை நீக்கி, இருட்டறையில் டார்ச்சைத் தகட்டோடு ஒட்டினாற்போல் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். அழுந்திய எழுத்து நிழலாகத் தெரியும். அதன்மேல் மெல்லிய தாளை விரித்துப் பென்சிலைப் படுக்கையாக ஓட்டினால் எண் தாளில் ஏறிவிடும். உள்பக்கத்தில் ஒட்டியிருக்கும் மஞ்சள் அல்லது பச்சை அடிப்பூச்சையும் சுரண்டாதீர்கள். அதுவும் ஒரு தடயமே.

எண் 28 என்றே தொடங்கினாலும், அது விமானத்தின் வகையைத்தான் காட்டும். புழலில் நின்ற குறிப்பிட்ட ஒரு விமானம் என்று சொல்ல அந்த விமானத்தின் வரிசை எண் தாங்கிய பெயர்த்தகடு வேண்டும்.

கேள்வி: இத்தகைய பழைய பாகங்களை மறுசீரமைக்கும் விமானத்தில் பொருத்திப் பறக்க முடியுமா?
– வாசகர், தாம்பரம்

பதில்: பெரும்பாலும் முடியாது. மண்ணில் கிடந்த அலுமினியக் கலவை மேலே பளபளப்பாக இருந்தாலும் உள்ளே படலம் படலமாக உப்பிப் பிரிந்திருக்கக்கூடும். ஆனால், வரைபடம் கிடைக்காத பாகத்தை அளவெடுத்துப் புதிதாகச் செய்ய அதைவிட நல்ல மாதிரி இல்லை. அருங்காட்சியகத்தில் நிறுத்திவைக்கும் விமானத்தில் அதையே பொருத்தவும் செய்யலாம்.

கேள்வி: மூர் மார்க்கெட்டில் என் அப்பா வாங்கிய மீட்டரில் கிரீடமும் ‘ஏஎம்’ என்ற எழுத்தும், 6ஏ என்று தொடங்கும் எண்ணும் உள்ளன. இது எந்த விமானத்தினுடையது?
– வாசகர், வியாசர்பாடி

பதில்: ‘ஏஎம்’ என்பது பிரிட்டிஷ் விமான அமைச்சகத்தைக் குறிக்கும், 6ஏ என்பது அவர்களுடைய கிடங்கில் விமானக் கருவிகளுக்கான பிரிவு. ஒரே மீட்டரைப் பல வகை விமானங்களில் பொருத்தியதால், எண்ணை மட்டும் கொண்டு விமானத்தைச் சொல்ல இயலாது. அதைவிட அவசரமான செய்தி ஒன்று உண்டு. அக்காலத்து மீட்டர்களின் எண்களிலும் முள்ளிலும் இருட்டில் ஒளிர ரேடியம் பூசுவது வழக்கம். இப்போது ஒளிராமல் இருப்பதற்குக் காரணம் அதோடு கலந்த ஒளிர்பொருள் தேய்ந்துபோனதுதான். ரேடியத்தின் வீரியம் பாதியாகக் குறையவே சுமார் 1,600 ஆண்டுகள் ஆகும். கண்ணாடியைக் கழற்றாதீர்கள், கண்ணாடி முன்பே உடைந்திருந்தால் மீட்டரை நெகிழிப் பையில் இட்டு மூடி, குழந்தைகள் புழங்காத இடத்தில் வைத்துவிட்டுக் கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.