லாரியில் ஆடு மாடு ஏற்றப் போகிறீர்களா? முதலில் டேப்பை எடுங்கள்

கேள்வி: காவேரிப்பட்டினத்தில் இருந்து எழுதுகிறேன். 14 வருடமாக ஹெவி ஓட்டுகிறேன். மாங்கூழ், கிரானைட், சிமென்ட் எல்லாம் ஏற்றியிருக்கிறேன். இப்போது 17 அடி நீளம், 7 அடி அகலத்தில் பாடி உள்ள சொந்த வண்டி இருக்கிறது. சந்தைகளில் ஆடு மாடு ஏற்ற வண்டி தேடுகிறார்கள். இந்தத் தொழிலுக்கு மாறலாமா? என்னென்ன மாற்ற வேண்டும்?

பதில்: தாராளமாக மாறலாம். குந்தாரப்பள்ளி வெள்ளிச் சந்தை, போச்சம்பள்ளி ஞாயிற்றுச் சந்தை, தர்மபுரி பக்கம் காரிமங்கலம், நல்லம்பள்ளி செவ்வாய்ச் சந்தை என்று வேலைக்குக் குறைவில்லாத வட்டாரம் இது. ஆனால் நீங்கள் இதுவரை ஏற்றிய லோடுக்கெல்லாம் எடைதான் கணக்கு. இங்கே இடம்தான் கணக்கு. வாடகை பேசும் முன்பே இது மனதில் பதிய வேண்டும்.

மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2015-ல் செய்த திருத்தம் 2016 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது. அதன்படி ஒரு மாட்டுக்கோ எருமைக்கோ 2 சதுர மீட்டர் இடம், ஓர் ஆட்டுக்கு 0.3 சதுர மீட்டர். நம் அடிக் கணக்கில் மாட்டுக்கு இருபத்தொன்றரை சதுர அடி, ஆட்டுக்கு மூன்றேகால். உங்கள் பாடி 119 சதுர அடி. மாடு என்றால் 5, ஆடு என்றால் 36. அவ்வளவுதான். வண்டிக்குள் அடிக்கும் தடுப்புகள் அடைக்கிற இடத்தைக் கழித்தால் ஆட்டில் ஒன்றிரண்டு குறையும். இதைவிடப் பெரிய லாரி வாங்கினாலும், 1978-ம் ஆண்டின் விலங்குகள் போக்குவரத்து விதிப்படி ஒரு வண்டியில் 6 மாட்டுக்கு மேல் ஏற்றக் கூடாது. நாலரை, ஐந்து டன் வண்டிக்கு ஆடு 40-தான் உச்சம்.

5 கலப்பின மாடு சேர்ந்தால் சுமார் 2 டன் வரும். வண்டி பாதிகூட நிறையவில்லையே என்று வியாபாரி சொல்வார், இன்னும் நாலு உருப்படி போடச் சொல்வார். பலரும் சறுக்குவது இங்கேதான். தலைக்கு இவ்வளவு என்று வாடகை பேசினால் கூட்டி ஏற்றத்தான் கை போகும். அதனால் நடைக்கு இவ்வளவு என்று மட்டும் பேசுங்கள்; டீசல், சுங்கம், உதவியாள் கூலி, கழுவும் செலவு, திரும்பி வரும் காலி ஓட்டம் எல்லாம் அதில் அடங்க வேண்டும். காலி ஓட்டத்தைச் சும்மா சொல்லவில்லை. நிரந்தரத் தடுப்பு அடித்து ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கால்நடை வண்டி என்று சிறப்பு உரிமம் வாங்கிய பிறகு அதில் வேறு சரக்கு ஏற்ற அனுமதி கிடையாது. மாம்பழ சீசன் வருமானத்தை நம்பி இருக்கிறீர்கள் என்றால் இந்த வண்டியை மாற்றாமல், கால்நடைக்கென்று சின்ன வண்டி ஒன்று பார்ப்பதே நல்லது. பாடியில் செய்யும் மாற்றத்தை ஆர்.சி.யிலும் பதிய வேண்டும்.

தரைதான் பாடியில் முதல் வேலை. வெறும் தகரத் தரையில் சாணமும் மூத்திரமும் சேர்ந்தால் மாடு நிற்காது. பலகை அடித்து, அதன்மேல் தேங்காய் நார்ப் பாய் போட்டு, வைக்கோல் பரப்புங்கள். ஆட்டுக்கு வைக்கோல் 5 சென்டிமீட்டர் கனமாவது இருக்க வேண்டும். பக்கச் சுவர் தாழ்வாக இருந்தால் உயர்த்துங்கள். உள்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் ஆணி, கொக்கி, வெல்டிங் முனை எதுவும் கூடாது. கையால் தடவிப் பார்த்தாலே தெரியும். சுவரின் அடிப்பகுதிச் சந்துகளைப் பலகையால் அடைத்துவிடுங்கள், ஆட்டின் கால் மாட்டி ஒடிவது அங்கேதான்.

காகிதங்கள்: கால்நடை உதவி மருத்துவர் பார்த்து, பயணத்துக்குத் தகுதி என்று கொடுத்த சான்று; சந்தை ரசீது; அனுப்புபவர், பெறுபவர் இருவரின் பெயர், முகவரி, போன் எண், உருப்படி எண்ணிக்கை எழுதிய அட்டை. மாட்டின் காதில் இருக்கும் 12 இலக்க எண்ணும் சான்றில் இருக்கும் எண்ணும் ஒன்றுதானா என்று ஏற்றும் முன் நீங்களே பாருங்கள், போட்டோவும் எடுத்து வையுங்கள். ஓசூர் தாண்டிக் கர்நாடகத்துக்குள் போகிற, அங்கிருந்து வருகிற மாட்டு லோடை ஆரம்பத்தில் தொடாதீர்கள். பசுவதைத் தடுப்புக்கான 2020-ம் ஆண்டுச் சட்டம் அங்கே கடுமையானது. கறவைக்கு வாங்கிய மாடு என்பதைக் காகிதத்தில் காட்ட முடியாவிட்டால் வண்டி நிற்கும். நம் பக்கமும் விலங்கு வதை வழக்கு பதிவானால், வழக்கு முடியும்வரை மாடுகளைப் பராமரிக்கும் செலவில் வண்டி உரிமையாளருக்கும் பொறுப்பு உண்டு. அடுத்தவர் மாடு என்று கைகழுவ முடியாது.

இனி ஏற்றுவது. வாலை முறுக்கி, தடியால் குத்தி ஏற்றுகிற வழக்கத்தை உங்கள் வண்டியில் விடாதீர்கள். மிரண்டு ஏறிய மாடு வழி முழுக்க மிரண்டே நிற்கும். மாடு ஏற, 3 அடி உயரத்துக்குக் குறைந்தது 9 அடி நீளச் சாய்வுப் பலகை வேண்டும், குறுக்கே ஓர் அடிக்கு ஒரு சட்டம் அடித்திருக்க வேண்டும். வயல் மேடு கிடைத்தால் வண்டியை அதில் ஒட்டி நிறுத்துங்கள், இன்னும் நல்லது. வெளிச்சத்தில் இருந்து இருட்டுக்குள் போக மாடு தயங்கும். தார்ப்பாயை விலக்கி உள்ளே வெளிச்சம் விடுங்கள், சாதுவான மாட்டை முதலில் ஏற்றுங்கள், மற்றவை பின்னால் வரும். முகம் கேபின் பக்கம் இருப்பது நல்லது. மூக்கணாங்கயிற்றை வண்டியில் கட்டவே கூடாது, ஒரு திடீர் பிரேக்கில் மூக்கு கிழியும். கழுத்தில் இறுகாத வளையம் போட்டு, தலை இயல்பாக நிற்கும் அளவுக்கு நீளம் விட்டு, இழுத்தால் அவிழும் உருவு முடிச்சாகக் கட்டுங்கள். கயிறு அதிக நீளம் ஆனால் கால் அதில் மாட்டும். விழுந்த மாட்டின் கயிற்றை நொடியில் அறுக்க, கேபினில் கூரான கத்தி ஒன்று இருக்கட்டும்.

கறவை மாட்டை ஏற்றும் முன் பால் கறந்துவிடச் சொல்லுங்கள். புறப்படும் முன் பசுந்தீவனம் வயிறு நிறையப் போட்டால் கழிந்து தரையெல்லாம் வழுக்கும். வைக்கோலும் தண்ணீரும் போதும். நொண்டும் மாடு, காய்ச்சல் மாடு, வாயில் புண்ணோ எச்சில் ஒழுகலோ உள்ள மாடு, கன்று போடும் நாள் நெருங்கிய சினை மாடு எதையும் ஏற்றாதீர்கள், எவ்வளவு வாடகை தந்தாலும்.

ஓட்டுவதில்தான் உங்கள் 14 வருட அனுபவத்துக்குச் சோதனை. கட்டிய கிரானைட் அசையாது. மாடு நாலு காலில் நின்று, எடையை மேலே தூக்கி வைத்திருக்கிறது. வளைவில் எல்லாம் ஒரே பக்கம் சாயும், பிரேக்கில் எல்லாம் முன்னால் வரும். தர்மபுரியில் இருந்து சேலத்துக்குத் தொப்பூர் கணவாய் இறங்கும்போது இறக்கம் தொடங்கும் முன்பே கியரைக் குறைத்து, இன்ஜின் பிடியில் இறங்குங்கள். முன் வண்டிக்கு வழக்கமாக விடுவதைப் போல இரண்டு மடங்கு இடைவெளி விடுங்கள். மாடு விழுந்தால் தானாக எழ முதலில் பின்காலை ஊன்றும். நெரிசலில் அதற்கு இடம் இருக்காது, பக்கத்து மாடு மிதிக்கும். இடவிதியின் அருமை அப்போதுதான் தெரியும். புறப்பட்ட 15, 20 நிமிடத்தில் ஒருமுறை நிறுத்தி உள்ளே பாருங்கள், பிறகு இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை. கூட ஓர் ஆள் கட்டாயம், விதியும் அதைத்தான் சொல்கிறது.

வெயிலில் ஓடுகிற வண்டியைவிட நிற்கிற வண்டிதான் ஆபத்து. ஓடும்போது காற்று வரும். கிருஷ்ணகிரி டோல் வரிசையில் மத்தியான நேரம் மாட்டிக்கொண்டால் உள்ளே கொதிக்கும். சித்திரை, வைகாசியில் விடியலுக்கு முன் கிளம்புங்கள். தார்ப்பாய் மேலே மட்டும். பக்கங்களை மூடினால் மூத்திர நெடி தேங்கி மூச்சு முட்டும்.

ஆட்டுக்குத் தனிக் கவனம்: 2, 3 மீட்டருக்கு ஒரு குறுக்குத் தடுப்பு வையுங்கள். இல்லாவிட்டால் ஒரே மூலையில் ஏறிக் குவிந்து அடியில் உள்ளது மூச்சடைக்கும். கிடாவைப் பெட்டையோடு விடாதீர்கள், செம்மறியையும் வெள்ளாட்டையும் தடுப்பு இல்லாமல் கலக்காதீர்கள். காலைக் கட்டிப் போடுவது தவறு.

இறக்கியதும் அரை மணி நேரம் நிழலில் நிற்கட்டும். தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் காட்டுங்கள், வைக்கோல் முதலில், பிண்ணாக்கும் பசுந்தீவனமும் பிறகு. அடுத்த லோடுக்கு முன் சாணத்தைச் சுரண்டி எடுத்து, தண்ணீர் அடித்துக் கழுவி, 10 லிட்டர் தண்ணீருக்கு 400 கிராம் சலவைச் சோடா கரைத்துத் தரை, சுவர், கயிறு, டயர் எல்லாவற்றிலும் தெளித்துக் காய விடுங்கள். கோமாரி ஒரு சந்தையில் இருந்து அடுத்த ஊருக்கு இப்படி வண்டியிலும் போகும். சோடா வேலை செய்யச் சாணம் முழுக்கப் போயிருக்க வேண்டும். கழுவும்போதே அடிச்சட்டத்தையும் பிரேக் குழாய்களையும் நல்ல தண்ணீரில் அலசிவிடுங்கள், மூத்திர உப்பு இரும்பைச் சீக்கிரம் தின்னும்.