கல்லடியில் இருக்கும் பழைய ஓட்டு வீட்டை விற்கப்போகிறோம். டைல்ஸ் பதித்துவிட்டு விற்றால் கூடுதல் விலை வருமா?

டைல்ஸை விடுங்கள். மட்டக்களப்பில் வீடு பார்க்க வருபவர்களில் கணிசமானோர் மகளுக்குச் சீதனம் கொடுக்கத்தான் வருகிறார்கள். நிறமும் டிசைனும் அவர்கள் வீட்டார் தீர்மானிக்கிற விஷயம். ஆயிரம் சதுர அடிக்கு இரண்டுக்கு இரண்டடி டைல்ஸ் 250 வேண்டும், உடைசலுக்கு இன்னும் 25. சீமெந்து, மணல், கூலி வேறு. தரை ஒன்றரை அங்குலம் உயர்ந்தவுடன் கதவெல்லாம் தட்டும், கழற்றிச் சீவவேண்டும்.

அந்தக் காசைச் சுவரின் அடியில் போடுங்கள். வாங்குபவர் கூட்டிவரும் மேசன் அலுமாரியை நகர்த்திப் பின்னால்தான் பார்ப்பார். உப்புப் பூத்த சுவருக்கு மேலே பெயின்ட் அடித்தால் அடுத்த மாரிக்குள் கொப்பளித்து உரியும். ஈரம் காயக் காய, பூச்சுக்குள் இருக்கும் உப்பு மணிமணியாக உறைந்து பெயின்டை வெளியே தள்ளும்.

சுவரில் ஈரம் ஏறுவதற்குக் காரணம் பல வீடுகளில் வெளியேதான் இருக்கிறது. வெள்ளத்துக்குப் பயந்து வளவுக்குக் கிரவல் போட்டு உயர்த்தியிருப்பார்கள். அத்திவாரத்துக்கு மேலுள்ள ஈரத்தடுப்புப் படை மண்ணுக்குள் போயிருக்கும். சுவரோரம் இரண்டடி அகலத்துக்கு, வீட்டுத் தரைமட்டத்துக்கு ஆறு அங்குலம் கீழே வரும்வரை கிரவலை வெட்டி எடுங்கள். தண்ணீர் தேங்காதபடி வெளிப்பக்கம் வாட்டமும் வேண்டும். பிறகு, ஈரம் ஏறிய கோட்டுக்கு ஓரடி மேல்வரை பூச்சைக் கொத்திக் கல் தெரிய விடுங்கள். உப்பைக் காய்ந்த தூரிகையால் தட்டுங்கள். கழுவினால் கரைந்து திரும்ப உள்ளே போகும். சில கிழமை காயவிட்டு, ஒரு பங்கு சீமெந்துக்கு நான்கு பங்கு மணல் என்ற கலவையில் பூசலாம், ஆற்றுமணல் மட்டும். ஒரு கிழமை தண்ணீர் காட்டி, ஒரு மாதம் கழித்துப் பெயின்ட். பத்துக்குப் பன்னிரண்டு அறைச் சுவருக்கு இரண்டு பூச்சென்றால் நான்கு லீற்றர் வாளி இரண்டு போதும். இதையெல்லாம் சித்திரைக்கும் ஆவணிக்கும் இடையில் முடிக்கவேண்டும்.

கூரையில் முழு ஓட்டையும் மாற்றவேண்டியதில்லை. முகட்டு ஓட்டுச் சாந்து வெடித்த இடம், இரண்டு கூரை சேரும் இடத்தில் கறள் பிடித்த தகடு, ஓட்டைத் தாங்கும் சிலாகையில் கறையான் தின்ற இடம்: மூன்றையும் பாருங்கள். உடைந்த ஓட்டுக்கு அதே கம்பனியின் பழைய ஓட்டைத் தேடிப்பிடியுங்கள், வேறு ஓடு கொளுவாது.

கிணற்றை இறைத்து ஊத்தை அள்ளுங்கள். மின்கசிவு வந்தால் மின்சாரத்தை நிறுத்தும் ட்ரிப் சுவிட்சின் டெஸ்ட் பொத்தானை அழுத்தினால் விழவேண்டும், விழாவிட்டால் மாற்றுங்கள். பான்ட்ரி அலுமாரி, ஜிப்சம் சீலிங் எல்லாம் வீண்செலவு.

பெயின்ட் வாளி வாங்குமுன் காணி உறுதி, நில அளவைப் படம், அனுமதி பெற்ற கட்டட வரைபடம், சோலைவரிப் பற்றுச்சீட்டு நான்கையும் எடுத்து வையுங்கள். வங்கிக் கடனில் வாங்குபவரிடம் வங்கி இவற்றைத்தான் கேட்கும். உறுதி இல்லாமல் அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த காணியாக இருந்தால், விற்கலாமா என்று பிரதேச செயலகத்தில் கேட்டுவரும்வரை ஒரு ஓட்டைக்கூடக் கழற்றவேண்டாம்.