கேள்வி – பதில்: 153 நொடி ஏன் 164 ஆனது?

கே: எம்.எஸ்சி. செய்முறைக்காக பேரியம்-137எம் ஐசோடோப்பின் அரை ஆயுளை (பாதி அணுக்கள் சிதைய ஆகும் நேரம்) ஜி.எம். (கெய்கர்–முல்லர்) குழாய் என்ற கதிர் எண்ணி வைத்து அளந்தேன். பத்து பத்து நொடியாக எண்ணி, காலி அறையின் பின்புலத்தை (மூலம் இல்லாதபோதும் வரும் எண்ணிக்கை) கழித்து, மடக்கை வரைபடம் போட்டேன். முதல் எண்ணிக்கை 13,000. விடை 164 நொடி வருகிறது, புத்தகத்தில் 153. எங்கே தவறு?
— வாசகர், செம்பூர், மும்பை

ப: முதல் சந்தேகம் அந்த 13,000 மீதுதான். ஜி.எம். குழாய் ஒரு துடிப்பைப் பதிந்தபின் ஏறத்தாழ 100 மைக்ரோநொடி எதையும் பார்க்காது; இதுதான் டெட் டைம். நொடிக்கு 1,300 என்று காட்டினால் உண்மையில் வந்தது 1,494. தொடக்கத்தில் 13 சதவீதம் தொலைகிறது, கடைசியில் ஒன்றுமில்லை. கோட்டின் சரிவு குறைந்து அரை ஆயுள் நீள்கிறது. இது மட்டுமே சுமார் 160 வரை கொண்டுபோய்விடும்.

டெட் டைமைக் குழாயின் கையேட்டில் பார்த்து எழுதாதீர்கள், அளந்துவிடுங்கள். ஒரு கதிர்மூலத்தை வைத்து எண்ணுங்கள்; அதை அசைக்காமல் பக்கத்தில் இரண்டாவதை வைத்து எண்ணுங்கள்; பிறகு முதலாவதை மட்டும் எடுத்துவிட்டு எண்ணுங்கள். தனி வீதங்களின் கூட்டலிலிருந்து சேர்ந்த வீதத்தையும் பின்புலத்தையும் கழித்து, தனி வீதங்களின் பெருக்கலைப் போல இருமடங்கால் வகுத்தால் கிடைத்துவிடும். திருத்தும்போது டெட் டைம் முதலில், பின்புலம் பிறகு. வரிசை மாறக் கூடாது.

மீதி 4 நொடிக்குக் காரணம் பெரும்பாலும் பின்புலம். உப்பு கலந்த 0.04 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ஜெனரேட்டருக்குள் (சீசியம்-137ஐ உள்ளே வைத்து, அதிலிருந்து பேரியத்தைக் கழுவி எடுக்கும் சிறு கருவி) வேகமாக அழுத்தினால் பேரியத்தோடு கொஞ்சம் சீசியம்-137உம் இறங்கிவிடும். அதற்கு அரை ஆயுள் 30 ஆண்டு. உங்கள் கோட்டின் வாலைத் தூக்கிப் பிடித்துக்கொள்ளும். காலி அறைப் பின்புலம் இதைக் காட்டாது. அதே கிண்ணத்தை நகர்த்தாமல் 35 நிமிடம் விட்டு, பிறகு பத்து நிமிடம் எண்ணுங்கள். அதுதான் கழிக்க வேண்டிய எண். கறந்து முடித்த ‘பசு’வை (ஜெனரேட்டருக்கு ஆய்வகப் பெயர் அதுதான்) அதே மேசையில் விட்டுவைக்கவும் வேண்டாம். உள்ளே பேரியம் மறுபடி ஊற, 662 கிலோ எலக்ட்ரான் வோல்ட் காமா ஏறிக்கொண்டே வரும். பின்புலம் நிலையாக இருக்காது.

எண்ணும் நேரத்தை நடுவில் மாற்றாதீர்கள். பத்து நொடி என்றால் கடைசிவரை பத்து நொடி, சரிவு கெடாது. வால் பகுதிக்கு 60 நொடி எடுத்தே ஆகவேண்டுமானால் புள்ளியை இடைவெளியின் நடுநேரத்தில் குறியுங்கள். தொடக்க நேரத்தில் குறித்தால் 12 சதவீதம் பிசகும், நடுவில் குறித்தால் 0.3தான்.

நொடிக்கு 500 என்ற வீதத்தில் தொடங்குங்கள். ஒரு கறவைக்கு மொத்தம் 1,10,000 எண்ணிக்கை வரும், துல்லியம் 0.3 சதவீதம். 15 நிமிட இடைவெளியில் பத்து முறை கறந்தால் 0.1. மடக்கைப் புள்ளிகளுக்குச் சம எடை கொடுக்காமல் எண்ணிக்கைக்கு ஏற்ற எடை கொடுங்கள். இல்லையென்றால் வாலில் இருக்கும் பத்துப் பதினைந்து எண்ணிக்கைகள் தலையை ஆட்டிவைக்கும்.

கே: மருத்துவ ஸ்கேனுக்குப் பயன்படும் டெக்னீஷியம்-99எம் ஐசோடோப்பின் அரை ஆயுள் மருந்துச் சேர்மத்தைப் பொறுத்து மாறுமா?
— வாசகர், மாதுங்கா, மும்பை

ப: மாறும், மிகக் கொஞ்சம். பெர்டெக்னேட், சல்பைடு என்ற அதன் இரு சேர்மங்களுக்கு இடையே சுமார் 0.3 சதவீத வேறுபாட்டை 1950களிலேயே அளந்துவிட்டார்கள். அதன் சிதைவில் வரும் 2.17 கிலோ எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் உள் கூட்டு எலக்ட்ரான்களைப் பிய்க்கப் போதாது. வெளிக்கூட்டு எலக்ட்ரான்களே வெளியேறுகின்றன. வேதிப் பிணைப்பு தொடுவதும் அவற்றைத்தானே. ஊசி மருந்தின் கணக்குக்கு 6 மணி நேரம் என்றே வைத்துக்கொள்ளலாம்.