வரிச் சூத்திரத் தொகுப்பைக் காசு கொடுத்து வாங்கலாமா?

கேள்வி: முதலீட்டுத் துறையினருக்கான சி.எஃப்.ஏ. தகுதித் தேர்வின் மூன்றாம் நிலைக்குப் படித்து வருகிறேன். முதலீட்டின் வளர்ச்சியில் வரியைக் கணக்கிடும் சூத்திரங்கள் எனக்கு ஒன்றோடொன்று குழம்பிவிடுகின்றன. ஆண்டுதோறும் செலுத்தும் வரி, விற்கும்போது செலுத்தும் மூலதன ஆதாய வரி, மொத்தச் செல்வத்தின் மீதான வரி என ஒவ்வொன்றுக்கும் ஒரு சூத்திரம் இருக்கிறது. இவற்றைத் தொகுத்து அச்சிட்ட தாள்களும் நினைவு அட்டைகளும் விற்பனைக்கு வருகின்றன. வாங்கினால் பயன் இருக்குமா?

பதில்: வாங்க வேண்டாம் என்பதே என் கருத்து. தேர்வு அறையில் சூத்திரத் தாள் தரப்படுவதில்லை. ஆகவே அச்சிட்ட தாள் எவ்வளவு அழகாக இருந்தாலும், அதில் உள்ளதை நீங்களே எழுதிப் பார்த்தால்தான் தேர்வன்று கைகொடுக்கும். அதோடு, நீங்கள் குறிப்பிடும் சூத்திரங்கள் தனித்தனியாக மனப்பாடம் செய்ய வேண்டியவையும் அல்ல. வரியை எப்போது எடுக்கிறார்கள், எதன் மீது எடுக்கிறார்கள் என்ற இரண்டு கேள்விகளுக்கு விடை சொன்னால், சூத்திரத்தை நீங்களே அமைத்துக்கொள்ளலாம்.

1 ரூபாய் முதலீடு, ஆண்டுக்கு 8% வருமானம், 30% வரி, 20 ஆண்டுகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வரியே இல்லையென்றால் 1.08-ஐ 20-ஆம் அடுக்குக்கு உயர்த்த, 4.66 கிடைக்கும். ஆண்டுதோறும் வரி எடுத்தால் வருமானம் 5.6% ஆகக் குறைகிறது, 1.056-இன் 20-ஆம் அடுக்கு 2.97. ஆதாயமாகக் கிடைத்திருக்க வேண்டிய 3.66-இல் 1.69 போய்விட்டது, அதாவது சுமார் 46%. வரி விகிதம் 30% ஆக இருக்க இழப்பு ஏன் 46% ஆனது என்றால், ஆண்டுதோறும் வரியாகப் போன பணம் அதன்பின் ஈட்டியிருக்கக்கூடிய கூட்டு வளர்ச்சியும் சேர்ந்தே போய்விட்டது. விற்கும்போது மட்டும் வரி என்றால், 4.66-ஐ 0.70-ஆல் பெருக்கி 0.30-ஐக் கூட்ட வேண்டும், விடை 3.56, இழப்பு சரியாக 30%. கடைசியில் அந்த 0.30-ஐ ஏன் கூட்டுகிறோம் என்பதுதான் பலரும் தடுமாறும் இடம். 0.70-ஆல் பெருக்கும்போது நாம் போட்ட முதலுக்கும் சேர்த்து வரி பிடித்துவிடுகிறோம். முதலுக்கு வரி கிடையாது என்பதால் அதைத் திருப்பித் தருகிறோம். அடக்க விலை, அதாவது முதலில் வாங்கிய விலை, இன்றைய மதிப்பில் 60% மட்டுமே என்று வினா சொன்னால், 0.30-க்குப் பதிலாக அதில் 60% ஆன 0.18-ஐத்தான் திருப்பித் தர வேண்டும். இந்தக் காரணம் புரிந்தவர் கூட்டலை மறக்க மாட்டார்.

செல்வ வரி மட்டும் வேறு வகை, ஏனென்றால் அது ஆதாயத்தின் மீதல்ல, முதலும் ஆதாயமும் சேர்ந்த மொத்தத்தின் மீது விழுகிறது. 1% செல்வ வரி 8% வருமானம் வரும் ஆண்டில் ஆதாயத்தில் 13.5%-ஐ எடுத்துக்கொள்கிறது, வருமானம் 2% ஆகச் சுருங்கிய ஆண்டில் அதே 1% ஆதாயத்தில் பாதிக்கு மேல் எடுத்துவிடும். நட்டம் வந்த ஆண்டிலும் அது விடாது.

இவ்வளவுக்குப் பிறகும் ஒரு தொகுப்பை வாங்கத்தான் வேண்டும் என்றால், மாதிரிப் பக்கத்தைக் கேட்டு வாங்கி ஒரே ஒரு சோதனை செய்து பாருங்கள். காலத்தை 1 ஆண்டாக வைத்தால், ஆண்டுதோறும் வரி, விற்கும்போது வரி ஆகிய இரண்டு சூத்திரங்களும் ஒரே விடையைத் தர வேண்டும். நம் எடுத்துக்காட்டில் அது 1.056. வேறு விடை வந்தால் அச்சுப் பிழை இருக்கிறது, அந்தத் தாளை நம்பிப் படிக்கக் கூடாது.

கேள்வி: அப்படியென்றால் பணத்தை எதில் செலவிடுவது? முந்தைய பதிப்புப் புத்தகம் பாதி விலைக்குக் கிடைக்கிறது என்கிறார்கள்.

பதில்: பாடத்திட்டம் ஆண்டுக்கு ஆண்டு திருத்தப்படுகிறது, 2025 முதல் மூன்றாம் நிலையில் முதலீட்டுத் தொகுப்பு மேலாண்மை, தனியார் சந்தைகள், தனிநபர் செல்வ மேலாண்மை என மூன்று பாதைகளும் வந்துவிட்டன. உங்கள் ஆண்டுக்கும் உங்கள் பாதைக்கும் உரிய கற்றல் இலக்குகளோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் பழைய பதிப்பை வாங்கினால், தேர்வில் இல்லாத பகுதிக்குப் பணத்தோடு நேரத்தையும் கொடுப்பீர்கள். நடப்புப் பாடம் தேர்வுப் பதிவோடு மின்வடிவில் கிடைக்கிறது என்பதையும் மறக்க வேண்டாம்.

பயிற்சி வினாக்களுக்குச் செலவிடுங்கள். மூன்றாம் நிலையில் எழுத்து விடை வினாக்களும் இருப்பதால், படிப்படியான விளக்க விடை தரும் தொகுப்பையே தேர்ந்தெடுக்க வேண்டும். சரியான எண்ணை மட்டும் காட்டும் தொகுப்பு இந்தத் தேர்வுக்குப் போதாது. சந்தா எத்தனை மாதம் செல்லும், தேர்வைத் தள்ளிப்போட்டால் அது நீளுமா என்பதைப் பணம் கட்டும் முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். 'தேர்ச்சி உறுதி' என்ற விளம்பரத்தைக் கண்டால் நிபந்தனைகளை வரிவிடாமல் படியுங்கள். பணம் திரும்பி வருமா, மறுமுறை சந்தா மட்டும்தானா என்பது அங்கேதான் இருக்கும்.

கால்குலேட்டர் வாங்கும்போதும் கவனம் வேண்டும். டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் பிஏ 2 பிளஸ், எச்பி 12சி ஆகிய இரண்டு வகைகளும் அவற்றின் மேம்பட்ட மாதிரிகளும் தவிர வேறெதற்கும் தேர்வு அறையில் அனுமதி இல்லை. பிஏ 2 பிளஸ் வாங்கினால், பெட்டியைப் பிரித்ததும் 1 + 0.08 × 0.7 என்று அழுத்திப் பாருங்கள். 1.056 வராமல் 0.756 வந்தால் கருவியில் பழுது இல்லை. எண்களை அழுத்திய வரிசையிலேயே கணக்கிடும் முறையில் அது வருகிறது. அமைப்புப் பட்டியலுக்குப் போய், பெருக்கலுக்கு முன்னுரிமை தரும் ஏஓஎஸ் முறைக்கு மாற்றிவிட்டுப் பயிற்சியைத் தொடங்குங்கள்.