ஈமாக்ஸும் உபுண்டுவும்: கேட்டவையும் பதில்களும்

உபுண்டு லினக்ஸில், அதன் க்னோம் டெஸ்க்டாப்பில், ஈமாக்ஸ் என்ற எடிட்டரை வைத்து வேலை செய்பவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

அண்ணா, ஒவ்வொரு ஃபைலைக் கிளிக் செய்யும்போதும் புதுசாக ஒரு ஈமாக்ஸ் திறக்கிறது, ஆறேழு செகண்டும் ஆகிறது. என்ன செய்வது?

தம்பி, முதலில் இதைச் சரிசெய்துவிடுங்கள், பாதிப் பிரச்சினை இதோடு போய்விடும். ஈமாக்ஸ் திறந்து திறந்து மூடுவதற்கானது இல்லை. லாகின் ஆனதும் பின்னணியில் ஒருமுறை ஓட ஆரம்பித்து அப்படியே இருக்க வேண்டும். லினக்ஸில் பின்னணி வேலைகளைத் தொடங்கிவைப்பது சிஸ்டம்-டி, அதற்கான சேவை ஃபைல் ஒன்று ஈமாக்ஸோடு சேர்ந்தே வருகிறது. சிஸ்டம்சிடிஎல் கட்டளையில் யூசர் என்பதைச் சேர்த்து அந்தச் சேவையை எனேபிள் செய்தால் போதும். அப்புறம் திறக்க வேண்டியது ஈமாக்ஸை இல்லை, பின்னணியில் ஓடும் அந்த ஈமாக்ஸோடு இணையும் ஈமாக்ஸ்கிளையண்டை. பதிப்பு 28 முதல் அதற்கும் மெனுவில் தனி ஐகான் இருக்கிறது. ஃபைல் கண் இமைக்கும் நேரத்தில் வந்து நிற்கும்.

எழுத்து ஃபைல் எல்லாம் ஈமாக்ஸில் திறக்கிறது, பைத்தான் ஃபைல் மட்டும் வேறு எடிட்டருக்குப் போகிறது.

எழுத்து வகைகள் எல்லாமே சாதா எழுத்து ஃபைலின் பிள்ளைகளாகத்தான் கணக்கு. பிள்ளைக்கென்று யாரும் உரிமை கொண்டாடவில்லை என்றால் தாய்க்கு நீங்கள் வைத்த எடிட்டரே வரும். உங்கள் கணினியில் வேறொரு எடிட்டர், தன்னை மெனுவுக்கு அறிமுகப்படுத்தும் டெஸ்க்டாப் ஃபைலில் 'பைத்தானை நான் திறப்பேன்' என்று பெயர் கொடுத்திருக்கிறது, அவ்வளவுதான். பைத்தான் ஃபைலில் ரைட் கிளிக் செய்து, எதில் திறப்பது என்ற இடத்தில் ஈமாக்ஸ் கிளையண்டைத் தேர்ந்தெடுத்து, இந்த வகைக்கு எப்போதும் இதுவே என்பதையும் ஆன் செய்யுங்கள்.

டெர்மினலில் நோட் (ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் நிரல்) ஓடுகிறது. ஐகானைக் கிளிக் செய்து திறந்த ஈமாக்ஸுக்குள் மட்டும் அப்படி ஒரு நிரலே இல்லை என்கிறது. மூன்று நாளாகப் போராடுகிறேன் சார்.

எனக்கு அதிகம் வரும் கேள்வி இதுதான், இன்ஸ்டாலேஷனில் தப்பு என்று நினைத்து எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி போடுகிறவர்களைப் பார்த்தால் மனசு கஷ்டமாக இருக்கிறது. இன்ஸ்டாலேஷன் சரியாகத்தான் இருக்கிறது. நோட் பதிப்புகளை நிர்வகிக்கும் என்விஎம் வழியாக நோட் போட்டிருப்பீர்கள். நோட் இருக்கும் ஃபோல்டரைப் பாத் மாறியில், அதாவது நிரல்களைத் தேடும் ஃபோல்டர்களின் பட்டியலில், சேர்ப்பதற்கான வரிகளை அது உங்கள் பாஷ்ஆர்சி ஃபைலில் எழுதி வைத்திருக்கும். டெர்மினல் திறக்கும்போது பாஷ் என்ற ஷெல் அந்த ஃபைலைப் படிக்கிறது, அதனால் அங்கே நோட் தெரிகிறது. ஐகான் வழியாகவோ சிஸ்டம்-டி வழியாகவோ கிளம்பும் ஈமாக்ஸுக்கும் டெர்மினலுக்கும் சம்பந்தமே கிடையாது, அந்த ஃபைலை அதற்காக யாரும் படிக்கவில்லை. சோதித்துப் பாருங்கள்: டெர்மினலில் ஒருமுறை எக்கோ போட்டு பாத் மாறியைப் பாருங்கள், பிறகு ஈமாக்ஸுக்குள் கெட்என்வ் கொண்டு அதையே கேளுங்கள். இரண்டாவது குட்டையாக இருக்கும்.

வழி இரண்டு. ஹோம் ஃபோல்டரில், புள்ளியில் தொடங்கும் கான்ஃபிக் ஃபோல்டருக்குள் என்விரான்மெண்ட்.டி என்று ஒரு ஃபோல்டர் போட்டு அதற்குள் கான்ஃப் ஃபைல் ஒன்றில் பாத்தை எழுதிவிட்டு, லாகவுட் செய்து திரும்ப வரலாம். நான் செய்வது இதைத்தான், ஏனென்றால் ஈமாக்ஸுக்கு மட்டுமில்லாமல் டெஸ்க்டாப்பிலிருந்து கிளம்பும் மற்றவற்றுக்கும் சேர்த்துத் தீர்ந்துவிடும். ஆனால் என்விஎம்மில் நோட் பதிப்பை அடிக்கடி மாற்றுகிறவர் என்றால் எக்ஸெக்-பாத்-ஃப்ரம்-ஷெல் என்ற பேக்கேஜ் நல்லது, அது ஷெல்லையே கேட்டு வாங்கிக்கொள்ளும்.

கிட்டில் (நிரல் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கருவி) கமிட் போட்டால் எடிட்டர் திறக்கிறது, ஆனால் எழுதுவதற்குள் செய்தி காலி என்று கமிட் ரத்தாகிவிடுகிறது.

கிட்டுக்குக் கொடுத்த எடிட்டர் கட்டளையில் ஹைஃபன் என் சேர்த்திருப்பீர்கள். அதற்குக் காத்திருக்காதே என்று அர்த்தம். எடுத்துவிடுங்கள். எழுதி முடித்ததும் கண்ட்ரோல்-எக்ஸ், பிறகு ஹேஷ்.

தமிழ்99 விசைப்பலகையை ஐபஸில் (உபுண்டுவின் உள்ளீட்டுக் கருவி) வைத்திருக்கிறேன். ஈமாக்ஸில் தமிழ் வருகிறது, ஆனால் கட்டளைகள் எல்லாம் குழம்புகின்றன.

குழம்பத்தான் செய்யும். கண்ட்ரோல்-எக்ஸ் அழுத்தி பி தட்டுகிறீர்கள், பஃபர் (திறந்திருக்கும் ஃபைல்) மாற. கண்ட்ரோலோடு அழுத்தியதை ஐபஸ் விட்டுவிடுகிறது, அடுத்து வரும் வெறும் பி-யைப் பிடித்து 'ங' ஆக்கிக் கொடுக்கிறது. ஈமாக்ஸுக்கு அப்படி ஒரு கட்டளை தெரியாது. ஈமாக்ஸுக்குள்ளேயே தமிழ்99 இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள். கண்ட்ரோலோடு பின்சாய்வுக்கோடு அழுத்தினால் எந்த உள்ளீட்டு முறை என்று கேட்கும். தமிழ்99 என்று ஆங்கில எழுத்தில் கொடுங்கள். அதன்பிறகு அதே விசைதான் தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் மாற. எழுதும் இடத்தில் மட்டும் தமிழ் வரும், கட்டளைகள் அப்படியே வேலை செய்யும். ஐபஸை உலாவிக்கும் மற்றவற்றுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். நீளமாகத் தமிழில் எழுதுபவர்கள் ஒரு வாரம் இப்படிப் பழகினால் திரும்பிப் போக மாட்டார்கள்.

எழுத்து உடைந்து கொம்பும் காலும் தனியாக நின்றால் ஈமாக்ஸ் பதிப்பைப் பாருங்கள். 2020இல் வந்த 27 முதல் ஹார்ஃப்பஸ் என்ற நிரல் எழுத்துகளைக் கோக்கிறது. அதற்கும் பழையது என்றால் மாற்றிவிடுங்கள்.

125 சதவீத ஸ்கேலிங்கில் எழுத்து மங்கலாகத் தெரிகிறது.

திரையில் ஜன்னல்களைக் காட்டும் புது முறையான வேலாண்டில் இருக்கிறீர்கள், உங்கள் ஈமாக்ஸோ பழைய முறையான எக்ஸ் வழியாக ஓடுகிறது, அந்தப் படத்தை இழுத்துப் பெரிதாக்குவதால் மங்கல். பதிப்பு 29 முதல் பிஜிடிகே என்று ஒரு வகை இருக்கிறது, வேலாண்டில் நேராக ஓடும். அதைப் போடுங்கள்.

டைர்டில் (ஈமாக்ஸின் ஃபைல் மேலாளர்) அழித்த ஃபைல் குப்பைத்தொட்டியில் இல்லையே?

சும்மா விட்டால் அது நிரந்தரமாக அழித்துவிடும். டெலீட்-பை-மூவிங்-டு-ட்ராஷ் என்ற மாறியை ஆன் செய்யுங்கள், இன்றைக்கே. அப்புறம் அழிப்பதெல்லாம் க்னோமின் குப்பைத்தொட்டிக்குத்தான் போகும்.