கார்டு யாருடையது?

கேள்வி: எங்கப்பா மெட்ராஸ் ரெஜிமென்டில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் காலமாகிச் சில வருடங்கள் ஆகின்றன. அம்மாவுக்கு 81 முடிந்துவிட்டது, தோட்டத்துச் சாளையில் தனியாக இருக்கிறார். குடும்பப் பென்சன் வருகிறது. பென்சன் கணக்கின் ஏ.டி.எம். கார்டு என்னிடம்தான் இருக்கிறது. செலவுக்கு மாதம் 3,000 கொடுத்துவிடுகிறேன். முன்னாள் படைவீரர்களுக்கான ‘முதல்வரின் காக்கும் கரங்கள்’ திட்டத்தில் அம்மா பெயரில் கடன் வாங்கி எண்ணெய்ச் செக்கு போட ஆசை. என்ன செய்ய வேண்டும்? பட்டாளத்துக்காரர் குடும்பங்களுக்கு மாநில அரசு இன்னும் சட்டம் கொண்டுவர வேண்டும் என்றும் எழுதுங்கள்.
– ஒரு வாசகர், பெருந்துறை

பதில்: தம்பி, செக்கைப் பிறகு பேசுவோம். ‘கார்டு என்னிடம்தான் இருக்கிறது’ என்று போகிறபோக்கில் எழுதிவிட்டீர்கள். எனக்கு அதைத் தாண்டி மேலே படிக்க மனசு வரவில்லை.

குடும்பப் பென்சனில் அடிப்படைத் தொகையே 9,000-க்குக் குறையாது. அகவிலைப்படியைச் சேர்த்தால் 13,000 தாண்டும். அதில் அம்மா கைக்குப் போவது 3,000. மீதி எங்கே போகிறது என்று நீங்கள் எழுதவில்லை. அந்தப் பணத்தில் உங்களுக்குப் பங்கு கிடையாது. ‘அவருக்கு அதெல்லாம் தெரியாதுங்க’ என்று எல்லா மகன்களும் சொல்கிறார்கள். புருஷன் பட்டாளத்தில் இருக்க, மணியார்டர் பணத்தை வைத்துக் குடும்பம் நடத்திய தலைமுறைப் பெண்களைப் பற்றியா இப்படிச் சொல்கிறீர்கள்?

கார்டை வைத்திருக்கும் நீங்கள், பாஸ்புக்கையாவது பார்த்தீர்களா? 80 வயது நிறைந்த மாதத்திலிருந்து குடும்பப் பென்சனில் 20 சதவீதம் கூடுதலாக வர வேண்டும். 85-இல் அது 30 சதவீதம் ஆகும். அடிப்படை 9,000 என்று வைத்தாலே மாதம் 1,800, வருடத்துக்கு 21,600. அதன்மேல் அகவிலைப்படி வேறு. தொகை ஏறியதாக உங்கள் கடிதத்தில் ஒரு வரியும் இல்லை. ஏறாமல் போகக் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: பி.பி.ஓ. என்னும் பென்சன் ஆணையில் மனைவியின் பிறந்த தேதி இருக்காது, அல்லது அந்தக் காலத்தில் குத்துமதிப்பாக எழுதியது ஆதாரோடு ஒத்துப்போகாது. தேதி இல்லையென்றால் 80 ஆனது கணினிக்குத் தெரியாது.

ராணுவப் பென்சனுக்கான ஸ்பர்ஷ் இணையதளத்தில் அம்மாவின் பி.பி.ஓ.வை இறக்கி, பெயரையும் தேதியையும் ஆதாரோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். தவறு இருந்தால் அப்பாவின் டிஸ்சார்ஜ் புக், பி.பி.ஓ., இறப்புச் சான்று, அம்மாவின் ஆதார், வாக்காளர் அட்டை ஆகியவற்றின் நகல்களோடு ஈரோடு முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போங்கள். உதவி இயக்குநர் வழியாக நீலகிரி வெலிங்டனில் இருக்கும் ரெஜிமென்ட் ரெக்கார்டு ஆபீசுக்கு மனு போக வேண்டும். இரண்டு தேதிகள் முரண்பட்டால் எது உண்மையோ அதற்கு ஆவணம் தேடுங்கள், எது லாபமோ அதற்கு அல்ல. திருத்தம் முடிந்ததும் விட்டுப்போன மாதங்களின் நிலுவையையும் கேளுங்கள். அது தானாக வரும் என்று உட்கார்ந்துவிடாதீர்கள்.

வருடாந்திர உயிர்வாழ் சான்றைத் தவறவிட்டால் பென்சனே நின்றுபோகும். காட்டு வேலை செய்து தேய்ந்த விரலில் ரேகை விழாது. ஜீவன் பிரமாண் செயலியில் முகம் காட்டியே பதியலாம். தபால்காரரையும் வீட்டுக்கு வரச் சொல்லலாம். அம்மாவுக்கு இ.சி.எச்.எஸ். (முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டம்) அட்டை இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் மாத்திரைக்கு அந்த 3,000-த்தில் கை வைக்க வேண்டியதில்லை.

நாளைக்கே கார்டையும் பாஸ்புக்கையும் அவர் கையில் கொடுங்கள். வங்கியில் பதிந்திருக்கும் செல்போன் எண் உங்களுடையதாக இருந்தால் அதையும் அவர் எண்ணுக்கு மாற்றுங்கள். பணம் ஏறிய செய்தி முதலில் அவருக்கு வரட்டும். 70 வயது கடந்தவர்களுக்கு வீட்டுக்கே வந்து பணம் தரும் சேவை வங்கிகளில் உண்டு. கிளையில் கேட்டால் சொல்வார்கள். அவர் தன் கையால் எடுத்துப் பேரனுக்கு 500 கொடுத்தால் அது அவர் பிரியம். நீங்கள் எடுத்து அவருக்குக் கொடுப்பது அப்படியல்ல.

சட்டம் வேண்டும் என்கிறீர்கள். பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புக்கு 2007-லேயே சட்டம் வந்துவிட்டது. தமிழ்நாடு அதற்கு 2009-இல் விதிகளும் வகுத்தது. உங்கம்மா கோட்டாட்சியரிடம் ஒரு மனு கொடுத்தால் போதும். மாதம் 10,000 வரை தரச் சொல்லி உங்களுக்கு உத்தரவு வரலாம். நீங்கள் மாநில அரசைக் கேட்பதற்கு முன்னால் இந்தச் சட்டத்துக்குப் பதில் சொல்லும் இடத்தில் இருக்கிறீர்கள்.

இனி கடன். அந்தத் திட்டத்தில் 1 கோடி வரை கடன், 30 சதவீதம் மூலதன மானியம், 3 சதவீதம் வட்டி மானியம். நல்ல திட்டம். பட்டாளத்திலிருந்து வந்து சொந்தக் காலில் நிற்க நினைப்பவருக்கும், தொழில் செய்ய விரும்பும் கைம்பெண்ணுக்கும் ஏற்றது. உங்கம்மா செக்கு ஓட்டப் போவதில்லை. கையெழுத்து மட்டும் அவருடையது. தவணை தவறினால் வங்கிக்காரர் சாளை வாசலில் வந்து நிற்பார். 81 வயதில் அவரைக் கடன்காரி ஆக்க நான் வழி சொல்ல மாட்டேன்.

ஈரோடு மாவட்டத் தொழில் மையத்துக்குப் போங்கள். பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்திலும் மாநிலத் திட்டங்களிலும் மானியத்தோடு கடன் உண்டு. செக்கு, மோட்டார், வடிகட்டி ஆகியவற்றின் விலைப்புள்ளி, இட ஆவணம், மின் இணைப்பு விவரம், திட்ட அறிக்கை எல்லாம் உங்கள் பெயரிலேயே இருக்கட்டும்.