எஸ்டோனியாவின் கீழ்ப்படிகள் – கடிதம்

அன்புள்ள ஐயா,

எஸ்டோனியாவின் கீழ்நிலைக் கால்பந்து லீக் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். சுவையாக இருந்தது, ஆனால் பாதிதான் பிடிபட்டது. புள்ளிப்பட்டியலில் முதலிடம் பிடித்த அணி அங்கேயே நிற்கிறது, அதற்குக் கீழே இருந்த அணி மேலே போகிறது என்று எழுதியிருந்தீர்கள். அப்படியென்றால் 36 ஆட்டம் எதற்கு? இன்னொரு கேள்வி. இணையத்தில் தேடியபோது அந்த நாட்டில் ஒரு ஆட்டம் 36-0 என்று முடிந்ததாகப் பார்த்தேன். இதையெல்லாம் விளையாட்டு என்று சொல்ல முடியுமா? இப்படி அடிவாங்கும் அணிகளை வைத்துக்கொண்டு யாருக்காக லீக் நடத்துகிறார்கள்?

– எஸ்.

அன்புள்ள எஸ்.,

36-0 சங்கதியை முதலில் முடித்துவிடுவோம். எஸ்டோனியக் கால்பந்து என்று தேடுகிறவர்கள் பெரும்பாலும் போய் முட்டிக்கொள்ளும் இடம் அதுதான். அது 2015-இல் நடந்தது. நீங்கள் நினைப்பதுபோல் லீக் ஆட்டம் அல்ல, எஸ்டோனியக் கோப்பை ஆட்டம். அந்தக் கோப்பையில் உச்ச லீகின் சம்பளக்காரர்களும் சேரலாம், வேலை முடிந்து வந்து ஆடுகிறவர்களும் சேரலாம். குலுக்கலில் யாருக்கு யார் வேண்டுமானாலும் வருவார்கள். அந்த ஆண்டு விர்ட்சு என்ற சிற்றூரின் அமெச்சூர் அணிக்கு வந்தது தலைநகர் தாலினின் இன்ஃபோனெட். மறு ஆண்டே நாட்டின் சாம்பியன் ஆன அணி. பத்து கோல் போட்ட டிரெவர் எல்ஹி தடுப்பாட்டக்காரர் என்றால் மற்றதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். சராசரியாக இரண்டரை நிமிடத்துக்கு ஒரு கோல். ஒவ்வொரு கோலுக்கும் பந்தை நடுவட்டத்துக்குக் கொண்டுவந்து வைக்கிற நேரத்தைக் கழித்துப் பாருங்கள், ஆடியதைவிட நடந்தது அதிகம். ஸ்காட்லாந்தில் 1885-இல் ஆர்ப்ரோத் அணி பான் அக்கார்டை அடித்ததும் இதே 36-0 தான். எனவே வரலாற்றில் இவர்கள் தனியாக இல்லை.

பத்தோடு நிறுத்திக்கொண்டு பந்தை உருட்டியிருக்கலாமே என்று சிலர் சொன்னார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. எதிரில் நிற்பவன் பாவம் பார்த்து ஆடுகிறான் என்று தெரிவது இன்னும் மோசமான அவமானம். குலுக்கலைக் குறை சொல்லுங்கள், ஒத்துக்கொள்கிறேன். ஒன்றைச் சொல்லாமல் விட மனமில்லை. அந்த இன்ஃபோனெட் 2017 சீசனோடு லெவாடியா என்ற இன்னொரு தாலின் கிளப்பில் இணைக்கப்பட்டுவிட்டது, இன்று தனி அணியாக இல்லை.

சரி, உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன். அதுதான் முக்கியமானது.

உச்சியில் மெய்ஸ்ட்ரிலீகா. அதற்குக் கீழே எசிலீகா, பிறகு எசிலீகா பி, அப்புறம் இரண்டாம் லீகா, மூன்றாம் லீகா, நான்காம் லீகா. பெயரைப் பார்த்து ஏமாறக்கூடாது. இரண்டாம் லீகா உண்மையில் நான்காம் படி. 2013-இல் நடுவில் எசிலீகா பி நுழைக்கப்பட்டதும் அது ஒரு படி இறங்கிவிட்டது. எசிலீகாவில் பத்து அணிகள், ஒவ்வொன்றும் மற்றவற்றோடு நான்கு முறை மோதும், அதுதான் நீங்கள் சொல்லும் 36 ஆட்டம். குளிர்காலத்தில் பனி மூடிவிடும் என்பதால் சீசன் மார்ச்சில் தொடங்கி நவம்பரில் முடிகிறது.

பதின்மூன்று லட்சம் சொச்சம் மக்கள் உள்ள நாட்டில் இத்தனை படிகளை நிரப்ப அணிகளுக்கு எங்கே போவது? பெரிய கிளப்புகளின் இரண்டாம் அணிகளும் இளைஞர் அணிகளும் இந்தப் படிகளில் இறங்கி ஆடுகின்றன. ஃப்ளோராவின் இரண்டாம் அணியும் லெவாடியாவின் இரண்டாம் அணியும் எசிலீகாவைப் பலமுறை வென்றிருக்கின்றன. வென்றாலும் மேலே போக முடியாது, அங்கே அண்ணன் அணி உட்கார்ந்திருக்கிறது. ஒரே கிளப்பின் இரண்டு அணிகள் ஒரே படியில் இருக்கக்கூடாது. அதனால் இடம் அடுத்த அணிக்குப் போகிறது. சில நேரம் அண்ணன் கீழே விழுந்தால் தம்பியும் ஒரு படி இறங்கியாக வேண்டும், அவன் நன்றாக ஆடியிருந்தாலும் சரி.

இதில் புள்ளிப்பட்டியலைவிடப் பெரிய குழப்பம் ஒன்று உண்டு. அதே இரண்டாம் அணி இந்த வாரம் ஒரு அணி, அடுத்த வாரம் வேறு அணி. முதல் அணிக்கு ஆட்டம் இல்லாத நாளில் பெஞ்சில் உட்கார்ந்து அலுத்தவர், காயம் ஆறி வருபவர் எல்லாரும் கீழே வந்து ஆடுவார்கள். அடுத்த வாரம் அதே சட்டையில் பள்ளி முடிக்காத பையன்கள் நிற்பார்கள். ஒரு ஊர் அணி இவர்களை எந்த வாரத்தில் சந்திக்கிறது என்பது பெரும்பாலும் அதிர்ஷ்டம். அப்படி ஒரு ஆட்டத்தை ஜூன் மாதம் தாலினில் பார்த்தேன். இரவு ஒன்பது மணிக்கும் வெயில் சாய்வாக அடித்தது. ஊர் அணியின் கோல்கீப்பர் ஒரு கையால் கண்ணை மறைத்துக்கொண்டு மறு கையால் தடுப்பாட்டக்காரர்களை நகர்த்திக்கொண்டிருந்தார். செயற்கைப் புல்லின் கருப்பு ரப்பர் துகள்கள் அவர் காலுறையெல்லாம். எதிரணியின் முன்கள வீரர் வேகத்திலேயே இந்த லீகைச் சேர்ந்தவரில்லை என்று தெரிந்தது. பக்கத்தில் நின்றவரிடம் கேட்டேன். “போன மாதம் வரை மேல் அணி, முட்டிக் காயம்” என்றார். ஊர் அணி மூன்று கோல் வாங்கியது. யாரும் பெரிதாக வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை.

மேலேறுகிறவர்களும் இல்லாமல் இல்லை. 2004-இல் தொடங்கிய பைடே லின்னமேஸ்கொண்ட் சில ஆண்டுகளில் படியேறி 2009-இல் மெய்ஸ்ட்ரிலீகாவுக்குப் போனது, 2020-இல் நாட்டிலேயே இரண்டாமிடம். பைடே அப்படியொன்றும் பெரிய ஊரில்லை. நொம்மே கால்யூவும் கீழிருந்து வந்ததுதான். 2008-இல் மேல் லீகுக்கு வந்து 2012-இல் சாம்பியன்.

யாருக்காக நடத்துகிறார்கள் என்று கேட்டீர்கள். முக்கால்வாசி ஆடுகிறவர்களுக்காகத்தான், இதில் ஒளிக்க ஒன்றுமில்லை. இரண்டாம் லீகாவை வடக்கு-கிழக்கு, தெற்கு-மேற்கு என்று இரண்டாகப் பிரித்திருப்பதே பயணச் செலவைக் குறைக்கத்தான். தப்பிக்க முடியாத பயணமும் உண்டு. சாரெமா தீவின் குரெசாரேயில் ஆட வேண்டுமென்றால் முஹு தீவுவரை படகு, அங்கிருந்து கடல்மேல் போட்ட சாலை. அந்தப் படகு கிளம்பும் துறை எது தெரியுமா, விர்ட்சுதான். 36-0 வாங்கியதாக நீங்கள் கேலி செய்த அணியின் ஊரில் காரை வரிசையில் நிறுத்திவிட்டுத்தான் மற்ற அணிகள் தீவுக்குப் போகின்றன.

கடைசியாக ஒரு யோசனை. எஸ்டோனியக் கால்பந்து சங்கத்தின் தளத்தில் நான்காம் லீகா வரை ஒவ்வொரு ஆட்டத்தின் விவரமும் இருக்கிறது: யார் ஆடினார்கள், எந்த நிமிடத்தில் கோல், யாருக்கு மஞ்சள் அட்டை. புள்ளிப்பட்டியலை விட்டுவிட்டு ஒரே ஒரு ஊர் அணியின் இந்த விவரங்களை மார்ச்சிலிருந்து வாரம் ஒன்றாகப் பாருங்கள். ஜூலை விடுமுறையில் மாற்று ஆட்டக்காரர் பட்டியல் இரண்டு பெயராகச் சுருங்குவதையும், கோல்கீப்பர் பெயர் திடீரென முன்களத்தில் வருவதையும் கண்டால் எனக்கு எழுதுங்கள்.